முதல் அடிக்குள் முழுக் கதை

இன்று ஒரு நாவலைக் கையில் எடுத்தால், முதல் வரியைப் படிப்பதற்கு முன்பே அதைப் பற்றிப் பாதி தெரிந்துவிடுகிறது. அட்டைப்படம், தலைப்பு, பின்னட்டைக் குறிப்பு, பொருளடக்கம் எல்லாம் சேர்ந்து நம்மைத் தயார்படுத்திவிடுகின்றன. 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்த வசதிகள் இல்லை. வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தது 1476இல்தான். அதற்கு முன் கதை என்றால் பதப்படுத்திய விலங்குத்தோலில் கையால் எழுதிய ஏடு. தலைப்புப் பக்கம் இராது. பல நூல்களில் ஆசிரியர் பெயரும் இராது. ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கேட்பவரால் பக்கத்தைப் பின்னால் புரட்ட முடியாது.

எனவே இது என்ன வகைக் கதை, யார் சொல்கிறார், எவ்வளவு தூரம் போகும், எதைக் காதில் பிடித்துவைக்க வேண்டும் என்பதெல்லாம் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும். இந்தத் தேவையை வைத்துக்கொண்டு இடைக்கால ஆங்கிலக் கவிஞர்கள் செய்த வித்தைகள் பிரமிக்கவைப்பவை. கதை என்ன உருவம் எடுக்கும், எங்கே வளையும், எப்படி முடியும் என்று தீர்மானிக்கும் விசை பெரும்பாலும் அவர்களுடைய பாயிரத்தில்தான் இருக்கிறது.

எளிய வகையிலிருந்து தொடங்கலாம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுதப்பட்ட ‘டேனியன் ஹேவ்லாக்’ என்ற கதைப்பாடலில், கதைசொல்லி எல்லோரையும் கூப்பிட்டு அமைதியாகக் கேட்கச் சொல்கிறான். இன்ன வீரனின் கதை என்று அறிவிக்கிறான். கையோடு தனக்கு ஒரு கோப்பை நல்ல பீர் ஊற்றவும் சொல்கிறான். இந்த வேண்டுகோள் ஏட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் இதில் அழகு. எந்த வீட்டில் யார் அதைப் படித்தாலும், அந்தக் கணத்தில் அவர் ஓர் ஊர்சுற்றிப் பாடகராகிவிடுகிறார். கேட்பவர்கள் சத்திரத்துக் கூட்டமாகிவிடுகிறார்கள். கதை தனக்கான மேடையைத் தானே கட்டிக்கொள்கிறது.

இதற்கெல்லாம் பாடநூலும் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வின்சாஃப் ஊர் ஜெஃப்ரி என்னும் ஆங்கிலேயர் லத்தீனில் ‘புதிய கவிதையியல்’ என்ற செய்யுள் நூலை எழுதினார். கதையை எங்கே தொடங்குவது என்பதற்கு அவர் கணக்கே போட்டிருக்கிறார். நடந்தது நடந்தபடி சொல்வது ‘இயல்பு வரிசை’. அது ஒரே வழி. நிகழ்ச்சிகளை மாற்றி அடுக்குவது ‘கலை வரிசை’. அதற்கு எட்டு வழிகள்: முடிவிலிருந்து தொடங்கலாம், நடுவிலிருந்து தொடங்கலாம், கதையின் தொடக்கம், நடு, முடிவு இவற்றில் ஒன்றுக்குப் பொருந்தும் பழமொழியால் தொடங்கலாம், அதேபோல மூன்றில் ஒன்றுக்குப் பொருந்தும் எடுத்துக்காட்டாலும் தொடங்கலாம். ஆக ஒரே கதைக்கு ஒன்பது வாசல்கள். வீடு கட்டப்போகிறவன் அவசரப்பட்டுக் கல்லைத் தூக்க மாட்டான், மனத்துக்குள் முழு வீட்டையும் அளந்த பிறகே கை வைப்பான் என்றும் ஜெஃப்ரி எழுதினார். ஏறக்குறைய 180 ஆண்டு கழித்து இந்த வீட்டு உவமையை இன்னொரு ஜெஃப்ரி, கவிஞர் ஜெஃப்ரி சாசர், தன் ‘ட்ராய்லஸும் க்ரிசைடும்’ காவியத்தில் எடுத்தாண்டார். அதுவும் எந்த இடத்தில்? நண்பனின் காதலை நிறைவேற்றச் சூழ்ச்சி வகுக்கும் பாண்டரஸ் என்ற பாத்திரம் யோசிக்கும் இடத்தில். கவிதை எழுதச் சொல்லித்தந்த விதியை வைத்து ஒரு பாத்திரம் காதல் விவகாரத்துக்குத் திட்டம் போடுகிறது!

இனி அந்தச் சாசரிடமே போகலாம். 1387 வாக்கில் அவர் எழுதத் தொடங்கிய ‘கான்டர்பரி கதைகள்’ நூலின் முதல் வாக்கியம் 18 அடி நீளம். உரக்கப் படித்தால் ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்துக்குள் சாசர் எங்கிருந்து எங்கே வந்துவிடுகிறார் என்று பாருங்கள். ஏப்ரல் மழை மார்ச் மாத வறட்சியைத் துளைத்து வேருக்குள் இறங்குகிறது. மேல்காற்று வீசி இளந்தளிர்களுக்கு உயிர் ஊட்டுகிறது. சூரியன் மேஷ ராசியில் தன் பாதி ஓட்டத்தை முடித்திருக்கிறது. சிறு பறவைகள் கண்ணைத் திறந்தபடியே இரவெல்லாம் தூங்குகின்றன. இவ்வளவும் ‘இப்படி ஆகும்போது’, ‘அப்படி ஆகும்போது’ என்ற துணைவாக்கியங்களாகவே அடுக்கப்படுகின்றன. முக்கிய வினை வர 12ஆம் அடி வரை காத்திருக்க வேண்டும். அப்போதுதான் மனிதர்கள் வருகிறார்கள்: அந்தப் பருவத்தில் மக்களுக்கு யாத்திரை போக ஆசை வருகிறது.

அந்தக் காத்திருப்பு காரணம் இல்லாமல் வைத்தது அன்று. மழை, காற்று, செடி, பறவை, மனிதன் என்று உயிரின் ஏணியில் ஒவ்வொரு படியாக வாக்கியம் ஏறுகிறது. அதே சமயம் இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. தொலைதூரக் கடற்கரைகள், பிறகு இங்கிலாந்தின் ஒவ்வொரு வட்டாரம், பிறகு கான்டர்பரி என்ற ஒரே ஊர், அங்கே ஒரே ஒரு கல்லறை. 1170 டிசம்பர் 29 அன்று தன் தேவாலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டின் கல்லறை அது. மண்ணுக்குள் இறங்கும் நீரில் தொடங்கிய வாக்கியம், நோயில் துணைநின்ற புனிதருக்கு நன்றி சொல்லப் போகும் மனிதரில் முடிகிறது. உடலின் துடிப்பும் ஆன்மாவின் தேட்டமும் ஒரே வாக்கியத்துக்குள் கட்டப்பட்டுவிட்டன. பின்னால் வரும் கதைகளில் படுக்கையறைக் கூத்தும் பக்திக் கதையும் அருகருகே நிற்கும்போது கேட்பவர் திடுக்கிடாமல் இருப்பதற்கு அந்த 18 அடிகளே காரணம்.

இந்தப் பாயிரம் மொத்தம் 858 அடிகள். லண்டனுக்குத் தெற்கே, தேம்ஸ் நதியின் மறுகரையில், சதக் என்ற இடத்தில் தபார்ட் என்ற விடுதி. அங்கே ஓர் இரவு யாத்திரிகர்கள் 29 பேர் வந்து சேர, கதைசொல்லியும் அவர்களோடு கூடிக்கொள்கிறார். விடுதிக்காரர் ஹாரி பெய்லி ஒரு போட்டி அறிவிக்கிறார்: போகும்போது ஆளுக்கு இரண்டு கதை, திரும்பும்போது இரண்டு கதை. நல்ல கதை சொன்னவருக்கு மற்றவர்கள் செலவில் இதே விடுதியில் விருந்து. சதக்கில் ஹென்றி பெய்லி என்ற பெயரில் விடுதிக்காரர் ஒருவர் உண்மையிலேயே வாழ்ந்தார், அந்த ஊரின் பிரதிநிதியாக நாடாளுமன்றத்திலும் இருந்தார். முதலில் கேட்டவர்கள் இந்தப் பெயர் வந்த இடத்தில் சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு கதைக்குள் பல கதைகளைத் தாங்கும் இந்த அமைப்பைச் ‘சட்டகக் கதை’ என்பார்கள். சதக்கிலிருந்து கான்டர்பரி சுமார் 90 கிலோமீட்டர். இன்று காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்தச் சின்னப் பயணத்துக்குள் ஒப்பந்தப்படி ஏறக்குறைய 120 கதைகள் வர வேண்டும். சாசர் 1400இல் இறந்தபோது இருந்தவை 24. அவற்றிலும் சில பாதியில் நிற்கின்றன. யாத்திரிகர்கள் கான்டர்பரி போய்ச் சேரும் காட்சியே நூலில் கிடையாது. ஆனாலும் படிப்பவருக்கு இது சிதைந்த நூலாகத் தோன்றுவதில்லை. ரயிலில் பெட்டிகளைச் சேர்ப்பதுபோலக் கதைகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம், குறைந்தாலும் ரயில் ரயில்தான் என்ற ஏற்பாட்டைத் தொடக்கமே செய்துவைத்துவிட்டது.

அந்த 858 அடிகளின் பெரும்பகுதி ஆட்களின் வர்ணனை. வீரர், கன்னிமடத் தலைவி, துறவி, வணிகர், மாணவர், மாவுமில்காரர் என்று வரிசையாக வருகிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் வேடிக்கையான பட்டியல். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் எதிர்காலக் கதைக்கான விதை. மாவுமில்காரர் பைக்குழல் ஊதிக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் போகிறார். பண்ணைக் காரியக்காரர் எப்போதும் கடைசியில் குதிரை ஓட்டி வருகிறார். அவர் இளமையில் தச்சுவேலை கற்றவர் என்று போகிறபோக்கில் ஒரு தகவல். பிறகு நடப்பதைப் பாருங்கள். முதல் கதையை வீரர் சொல்லி முடித்ததும் விடுதிக்காரர் அந்தஸ்து வரிசைப்படி துறவியை அழைக்கிறார். குடித்துவிட்டுத் தள்ளாடும் மாவுமில்காரர் குறுக்கே பாய்ந்து, ஒரு தச்சன் ஏமாந்த கதையைச் சொல்கிறார். தச்சு தெரிந்த காரியக்காரருக்குச் சுருக்கென்று குத்துகிறது. அவர் பதிலுக்கு ஒரு மாவுமில்காரன் ஏமாந்த கதையைச் சொல்லிப் பழி தீர்க்கிறார். ஊர்வலத்தின் இரு முனைகளிலும் சாசர் நிறுத்திவைத்த இருவர்தான் மோதுகிறார்கள். அந்த மோதல் அந்தஸ்து வரிசையை உடைத்து நூலின் போக்கையே மாற்றிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த விதை பாத் நகரத்துப் பெண்மணியின் காது. பாயிரத்தில் அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம், அது பாவம் என்று ஒரு சின்னக் குறிப்பு. ஏன் என்று சொல்லவில்லை. பல ஆயிரம் அடிகள் தாண்டி அவளே பேசும்போதுதான் காரணம் வருகிறது. அவளுடைய ஐந்தாவது கணவன் கெட்ட மனைவிகளைப் பற்றிய ஒரு நூலை அவளுக்குத் தினமும் படித்துக்காட்டுவான். பொறுக்க முடியாமல் அதன் ஏடுகளை அவள் கிழித்தாள்; அவன் அறைந்தான்; காது போயிற்று. பெண்களைப் பழித்து ஆண்கள் எழுதிவைத்ததைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் அந்த நூலின் பொருட்டே கேட்கும் திறனை இழந்த ஒருத்தி! சாசர் இதைப் பாயிரத்தில் ஒற்றை அடிக்குள் ஒளித்துவைத்திருந்தார். அவள் கதைக்குத் தனியாக ஒரு முன்னுரை உண்டு. அது 856 அடிகள். கதையோ 408 அடிகள்தான். கதைக்குள் நுழைய இவ்வளவு நீண்ட முன்னுரையா என்று கூட்டத்திலிருக்கும் பிச்சைத் துறவி ஒருவர் சிரிக்கிறார். அவருக்குப் புரியாதது நமக்குப் புரிகிறது. வயதான பெண்ணுக்கு அதிகாரம் கிடைத்தால் என்ன ஆகும் என்ற அந்தக் கதையின் சூடு முழுக்க முன்னுரையிலிருந்தே வருகிறது.

பாயிரத்தின் கடிகாரமும் கடைசிவரை ஓடுகிறது. சாசர் வான சாஸ்திரத்தில் தேர்ந்தவர். வானளவைக் கருவி ஒன்றைப் பற்றித் தன் சிறு மகனுக்காக ஒரு நூலே எழுதியவர். தொடக்கத்தில் சூரியன் மேஷத்தில். கடைசிக் கதையைப் பங்குக் குரு சொல்லத் தொடங்கும்போது மாலை நான்கு மணி. கதைசொல்லியின் நிழலின் நீளத்துக்கு அளவும் தருகிறார்: ஆறு பங்கு உயரத்துக்குப் பதினொரு பங்கு நிழல். அப்போது கீழ்வானில் ஏறிக்கொண்டிருப்பது துலாம், மேஷத்துக்கு நேர் எதிர் ராசி. துளிர்ப்பில் தொடங்கியது நியாயத் தராசின் அடியில் வந்து நிற்கிறது. நடுவில் எத்தனை கதைகள் விடுபட்டிருந்தாலும் இந்த இரு முனைகளையும் அவர் பொருத்திவைத்துவிட்டார்.

சாசருக்குச் சில நூற்றாண்டுகள் முன்னால் போனால் தொடக்கத்தின் வேலை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ‘பெயோவுல்ஃப்’ பழைய ஆங்கிலத்தின் பெருங்காவியம், 3182 அடிகள். நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே பிரதி கி.பி. 1000ஐ ஒட்டி எழுதப்பட்டது. அதில் பகுதிகளுக்கு எண் போட்டிருக்கிறார்கள். ஆனால் எண் 1 தொடங்குவது 53ஆம் அடியில். முதல் 52 அடிகள் எண் இல்லாமல் தனியே நிற்கின்றன. அவற்றில் கதாநாயகன் இல்லை, அரக்கன் இல்லை, கதை நடக்கப்போகும் மண்டபம் கூட இல்லை. பெயோவுல்ஃப் தன் பெயரைச் சொல்வது 343ஆம் அடியில்தான்.

அப்படியானால் அந்த 52 அடிகளில் யார்? டென்மார்க்கின் பழைய அரசன் ஷில்ட். ஆதரவில்லாத குழந்தையாகக் கண்டெடுக்கப்பட்டவன், பேரரசனாக உயர்கிறான். தலைவன் இல்லாமல் தவித்த மக்களுக்கு அவன் மகன் மூலம் வாரிசும் கிடைக்கிறது. அவன் இறந்ததும் உடலை ஒரு கப்பலில் கிடத்தி, செல்வங்களைக் குவித்து, கடலில் விட்டுவிடுகிறார்கள். அது எங்கே கரை சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. இப்போது 3000 அடிகளைத் தாண்டிக் கடைசிக்குப் போங்கள். பெயோவுல்ஃபின் உடல் சிதையில் எரிகிறது. கப்பலோட்டிகளின் கண்ணில் படும்படி கடல்முனையில் மேடு எழுப்பி, செல்வங்களை அதற்குள் புதைக்கிறார்கள். அவனுக்கு வாரிசு இல்லை; மக்கள் தலைவனின்றி நிற்கிறார்கள். நீரில் ஒரு சாவுச்சடங்கு, நிலத்தில் ஒரு சாவுச்சடங்கு. அங்கே வாரிசு வந்தது, இங்கே வாரிசு அற்றது. 1936இல் எழுத்தாளர் டோல்கீன் தான் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவு ஒன்றில், இந்தக் காவியம் நேர்கோட்டில் ஓடும் கதையாக எழுதப்படவில்லை, ஓர் எழுச்சியையும் ஒரு வீழ்ச்சியையும் எதிரெதிரே வைத்த சமநிலை என்று வாதிட்டார். அந்தச் சமநிலையின் முதல் தட்டு, கதைக்குச் சம்பந்தமில்லாததுபோலத் தோன்றும் அந்த 52 அடிகள்.

இதை இன்று படிக்க முடிவதே ஓர் அதிசயம். 1731இல் லண்டனில் ஆஷ்பர்னம் மாளிகையில் பிடித்த தீ, காட்டன் நூலகத்தின் ஏடுகளில் பலவற்றைத் தின்றது. பெயோவுல்ஃப் ஏட்டின் ஓரங்கள் கருகின. அந்த நூலகத்தின் அலமாரிகளுக்கு மேல் ரோமப் பேரரசர்களின் மார்பளவுச் சிலைகள் இருந்தன. அலமாரிகளின் பெயரும் அவையே. பெயோவுல்ஃப் இருந்தது விட்டெலியஸ் அலமாரியில். நீரோ அலமாரியில் இன்னொரு சின்ன ஏடு, அதுவும் உலகத்தில் ஒரே பிரதி, தப்பிப் பிழைத்தது. அதில்தான் ‘சர் கவெயினும் பச்சை வீரனும்’ இருக்கிறது.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெயர் தெரியாத ஒரு கவிஞர் எழுதிய இந்தக் காவியம் ஆர்தர் மன்னனின் அரண்மனையைச் சேர்ந்த வீரன் ஒருவனின் கதை. ஆனால் முதல் அடி பேசுவது ட்ராய் நகர முற்றுகை முடிந்ததைப் பற்றி! எரிந்த ட்ராயிலிருந்து ஈனியஸ், அவன் வழிவந்த ப்ரூட்டஸ், அவன் நிறுவிய பிரிட்டன், அங்கே மகிழ்ச்சியும் குழப்பமும் மாறி மாறி வந்த நூற்றாண்டுகள், அதன் பின்னரே ஆர்தர். பல நூற்றாண்டுகளைக் கவிஞர் சில அடிகளில் கடந்துவிடுகிறார். பிறகு ஒரு புத்தாண்டு விருந்தில் பச்சை நிற வீரன் ஒருவன் நுழைந்து, இன்று என்னை வெட்டு, ஓராண்டும் ஒரு நாளும் கழித்து நான் உன்னை வெட்டுவேன் என்று சவால் விடுகிறான். கவெயின் ஏற்கிறான். அந்த ஒப்பந்தத்தோடு காவியத்தின் காலவரைபடமும் தயாராகிவிட்டது. அடுத்த பகுதியில் பருவங்கள் ஒவ்வொன்றாக உதிர, கெடு நெருங்குவதைக் கேட்பவர் உடம்பிலேயே உணர்கிறார்.

காவியம் மொத்தம் 101 பத்திகள், 2530 அடிகள். 2525ஆம் அடிக்கு வந்தால், முதல் அடி ஏறக்குறைய அப்படியே திரும்புகிறது: மீண்டும் ட்ராய், மீண்டும் முற்றுகை. அதன்பின் பத்தியை முடிக்கும் ஐந்து குறும்அடிகள் மட்டும். கவெயினின் கேடயத்தில் ஐந்துமுனை நட்சத்திரம் ஒன்று உண்டு. கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று காண முடியாத முடிச்சு. அதன் பொருளாக ஐந்து ஐந்தாக ஐந்து தொகுதிகளைக் கவிஞர் விளக்குகிறார். ஐயைந்து 25. 25ஐ 101ஆல் பெருக்கினால் 2525. தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அதே ஏட்டில் உள்ள ‘முத்து’ என்ற கவிதையும் 101 பத்திகள் கொண்டது. பத்திக்கு 12 அடி, மொத்தம் 1212. அதுவும் கடைசி அடியில் முதல் அடியைத் தொட்டு, முத்தைப்போல உருண்டுவிடுகிறது.

உறக்கத்தையே வாசலாக்கியவரும் உண்டு. வில்லியம் லாங்லண்டின் ‘உழவன் பியர்ஸ்’, மேற்கு இங்கிலாந்தின் மால்வர்ன் குன்றுகளில் ஒரு மே மாதக் காலையில் ஓடைக்கரையில் ஒருவன் கண்ணயர்வதோடு தொடங்குகிறது. இந்த வகைக்குக் ‘கனவுக்காட்சிக் கவிதை’ என்று பெயர். அவன் காண்பது: குன்றின்மேல் ஒரு கோபுரம், கீழே பள்ளத்தில் ஒரு நிலவறை, நடுவே மக்கள் நிறைந்த வெளி. மேலே மெய்மை, கீழே தீமை, இடையில் நாம். காவியம் போகப்போகிற திசைகள் அவ்வளவும் அந்தப் படத்தில் உண்டு. கனவு என்பதால் துணிவும் கூடுகிறது. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கூடிப் பேசும் காட்சி அந்தப் பாயிரத்திலேயே வருகிறது. 1376ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தை அது குத்துகிறது என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். கனவு காண்பவன் விழிப்பான், மறுபடி தூங்குவான், கனவுக்குள் இன்னொரு கனவுக்கும் போவான். ஒவ்வோர் உறக்கமும் ஒரு புதிய தொடக்கம். கடைசியில் மனச்சாட்சி என்ற பாத்திரம் பியர்ஸைத் தேடி யாத்திரை கிளம்ப, அவன் விழித்துக்கொள்கிறான். அதோடு நூல் நிற்கிறது.

முடிவை ஒளித்துவைத்தால்தான் சுவை என்று நினைப்பவர்களுக்குச் சாசரின் ‘ட்ராய்லஸும் க்ரிசைடும்’ நல்ல மறுப்பு. 8239 அடிகள் கொண்ட அந்தக் காதல் காவியத்தின் முதல் சில அடிகளிலேயே, ட்ராய்லஸ் துயரத்திலிருந்து இன்பத்துக்கு ஏறி அங்கிருந்து மீண்டும் விழுவான் என்று சொல்லிவிடுகிறார். அதன்பின் காதலர் சேரும் ஒவ்வொரு காட்சியும் கேட்பவருக்கு வலிக்கிறது. ஐந்து காண்டங்களில் முதல் நான்குக்கும் தனித்தனித் தொடக்கச் செய்யுள்கள் உண்டு. ஐந்தாவதற்கு இல்லை. வீழ்ச்சி தொடங்கியபின் நின்று மூச்சுவிட இடம் கொடுக்க வேண்டாம் என்று சாசர் முடிவு செய்திருக்க வேண்டும்.

இந்தக் காவியங்களுக்கு இன்றைய ஆங்கிலத்தில் நல்ல வடிவங்கள் உண்டு. பெயோவுல்ஃபை ஷேமஸ் ஹீனியும், கவெயினை சைமன் ஆர்மிடேஜும் பெயர்த்திருக்கிறார்கள். எதை எடுத்தாலும், விறுவிறுப்பான இடத்துக்குப் போகும் அவசரத்தில் முதல் பக்கங்களைத் தாண்டிவிடாதீர்கள். அவற்றை உரக்கப் படியுங்கள். நூலை முடித்த அன்றே அந்தப் பக்கங்களை இன்னொரு முறை படியுங்கள்.